நாகபூசணியின் இரண்டாவது அறை

2023ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை முற்பகல், பலெர்மோ நகரின் கபோ பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றைப் பரிசோதிக்க வந்த தொழில்நுட்ப அலுவலர், நான் மொழிபெயர்த்துச் சொன்ன இரண்டு வாக்கியங்களில் ஒன்றை மட்டும் தமது அறிக்கையில் எழுதினார் என்பது என் குற்றச்சாட்டு. எழுதப்பட்ட வாக்கியம்: “இந்த அறையில் ஒருவரும் படுப்பதில்லை.” விடப்பட்ட வாக்கியம்: “இது வரவிருக்கும் என் மகளுக்கான அறை.” முதல் வாக்கியத்தின் அருகே, ‘மொழிபெயர்ப்பாளர் விக்னராஜா மூலம் தெரிவிக்கப்பட்டது’ என்று என் பெயர் இருக்கிறது. என் பெயர் முழுதாக இருக்கிறது. நான் சொன்னது பாதியாக இருக்கிறது.

அந்த அலுவலகத்தின் பெயரையும் அலுவலரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் தங்களை அறிவார்கள். ஆனால் குற்றச்சாட்டை மட்டும் எழுதி நிறுத்தினால், அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்ன நாகபூசணியைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். இந்த நகரத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன். அவர் செய்ததைப் போல ஒரு காரியத்தை இங்கே நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

நான் போர்கோ வெக்கியோவில் குடியிருக்கிறேன். மாடிக் கட்டடங்களின் படிகளைத் துடைப்பது என் தொழில். இத்தாலிய மொழியை எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. கட்டட வாசல்களில் ஒட்டப்படும் அறிவித்தல்களைத் துடைப்பானை நிறுத்திவிட்டு வாசித்து, அகராதியில் பார்த்துப் பார்த்துக் கற்றேன். எனக்கு வந்த கடிதம் எதையும் எறிந்ததில்லை, உறைகளையும் எறிந்ததில்லை. இதனால் கடதாசி விடயமென்றால் எங்கள் சனம் என்னைக் கூப்பிடும்.

நாகபூசணி நயினாதீவில் பிறந்து, அங்குள்ள அம்மனின் பெயரையே பெற்றவர். கணவர் மாரடைப்பில் இறந்த அடுத்த வருடம், பத்து வயது மகள் ஆரணியைச் சுன்னாகத்தில் கணவரின் தமக்கையாரிடம் விட்டுவிட்டுப் பலெர்மோவுக்கு வந்தார். வந்ததிலிருந்து வயோதிபரைப் பராமரிக்கும் வேலைதான். 2020இல் வீட்டு வேலையாட்களை ஒழுங்குபடுத்திய சட்டத்தின் கீழ் அவருக்கும் பெர்மெஸ்ஸோ எனப்படும் வதிவிட அனுமதி கிடைத்தது. அட்டை கைக்கு வர 2022 ஆகிவிட்டது. அட்டை கிடைத்த அன்றே, பேருந்தில் நின்றபடி என்னை அழைத்தார்.

“அண்ணை, இனி ஆரணியைக் கூப்பிடலாமோ?”

“கூப்பிடலாம் பிள்ளை. ஆனால் வீடு வேணும். நீ இப்ப இருக்கிற ஒற்றை அறைக்குப் பிள்ளையைக் கூப்பிட விடமாட்டினம்.”

“எத்தினை அறை வேணுமாம்?”

“ரெண்டெண்டால் பிரச்சினையில்லை.”

“அவ்வளவுதானே? பாக்கிறன். வைக்கிறன், இறங்கிற இடம் வந்திட்டுது.”

‘அவ்வளவுதானே’ என்றது இன்னும் என் காதில் இருக்கிறது. குடும்பத்தினரை அழைப்பதற்கான விண்ணப்பத்தோடு, வீடு மனிதர் வசிக்கத் தகுந்தது என்ற சான்றிதழை இணைக்க வேண்டும். அதற்கு ஒருவர் வந்து அளந்து பார்ப்பார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விண்ணப்பம் பதிவாகும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆரணிக்கு 2024 ஜனவரி 22இல் பதினெட்டு நிறையும். அதற்குமுன் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவள் தாயின் பிள்ளையாக இருந்த காலம் முடிந்துவிடும்.

வெளிநாட்டுப் பெயரைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடும் வீட்டுக்காரர்களைக் கடந்து, கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. சமையலறை, ஒரு சிறிய அறை, ஒரு பெரிய அறை. பெரிய அறைக்குச் சந்தையைப் பார்த்த மாடமும் காலை வெயிலும் உண்டு. நாகபூசணி சிறிய அறையில் தன் கட்டிலைப் போட்டார். பெரிய அறையில், கிழக்குச் சுவரோரம், நயினை அம்மனின் படத்தையும் ஊரிலிருந்து கைப்பையில் கொண்டுவந்த சாண் உயர வெண்கலத் திருவுருவத்தையும் வைத்து விளக்கேற்றினார்.

“வெளிச்சமான அறையைச் சாமிக்குக் குடுத்துப்போட்டு நீ அந்தப் பொந்துக்குள்ளை படுக்கிறாய் என்ன?” என்று கேட்டேன்.

“அது ஆரணியின்ரை அறை அண்ணை. பிள்ளை வருமட்டும் விளக்கில்லாமல் கிடக்கக் கூடாது. அம்மன் பாத்துக்கொண்டிருக்கட்டும்.”

இந்த விடையில் பிழை கண்டுபிடிக்க எனக்கு அன்று தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆளில்லாத அறையை இருட்டில் விடுவது எங்களுக்கு மனம் ஒவ்வாத காரியம். விளக்கேற்றிய அறையில் ஒருவரும் படுப்பதுமில்லை. இரண்டும் எங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அளக்க வருபவருக்கு விளங்க வேண்டிய தேவை இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

பரிசோதனைக்குத் தந்த நாள் நவராத்திரிக்குள் விழுந்தது. நாளை மாற்றக் கேட்டால் அடுத்தது பெப்ரவரியில் என்றார்கள். பெப்ரவரியில் ஆரணிக்குப் பதினெட்டு நிறைந்திருக்கும். ஆகவே அந்த வெள்ளிக்கிழமையே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டோம். கும்பம் வைத்திருந்தது. பாட வந்த பெண்கள் அறைக்குள் இருந்தார்கள். அவர்களுடைய செருப்புகளும் சப்பாத்துகளும் மூன்றாம் மாடித் தளம் நிறைந்து, இடமில்லாமல் இரண்டு படி கீழேயும் இறங்கியிருந்தன.

அலுவலர் இளைஞர். மூச்சு வாங்க ஏறி வந்தவர், முதலில் கண்டது அந்தப் பாதணிகளைத்தான்.

“இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள்?”

“ஒருவர்,” என்றேன்.

அவர் மறுபடியும் கீழே பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்பவன் என்று அவர் அந்தக் கணத்தில் முடிவு செய்தார் என்பது என் ஊகம். ஊகம் என்பதால் அதைக் குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை.

உள்ளே வந்து சமையலறையை அளந்தார், சிறிய அறையை அளந்தார். பெரிய அறையின் வாசலில் நின்று லேசர் கருவியை நீட்டியபோது அதன் சிவப்புப் புள்ளி சுவரில் ஓடி, கும்பத்தில் ஏறி, அம்மனின் படத்தில் போய் நின்றது. பாட்டு நின்றுவிட்டது. அவர் திடுக்கிட்டுக் கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் கடலை குடுங்கோவன்,” என்றார் பாடிக்கொண்டிருந்த விமலராணி. “அப்ப எண்டாலும் கூட்டி அளக்கட்டும்.”

பெண்கள் சிரித்தார்கள். அலுவலர் தம்மைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் சிவந்தது.

“இந்த அறையில் யார் படுக்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டார். நான் நாகபூசணியிடம் கேட்டேன்.

“ஒருத்தரும் படுக்கிறேல்லை. இது வரப்போற என்ரை மகளின்ரை அறை.”

இரண்டு வாக்கியங்களையும், அதே வரிசையில், இத்தாலிய மொழியில் சொன்னேன். முதலாவதற்கு அவர் பேனா அசைந்தது. இரண்டாவதற்கு அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

நவம்பர் மூன்றாம் திகதி மறுப்புக் கடிதம் வந்தது. பெரிய அறை ‘பலர் கூடும் வழிபாட்டிடம், வசிப்பிடம் அல்ல’. எஞ்சியது ஓர் அறை. அது ஓர் ஆளுக்கு மட்டும். கடிதத்தை நான் வாசித்து முடிக்கும்வரை நாகபூசணி அடுப்பை நிறுத்திவிட்டு நின்றார்.

“மறுபடி அளக்கச் சொல்லிக் கேக்கலாமோ?”

“கேக்கலாம். அவசரம் எண்டு காரணங்காட்டிக் கேட்டால் டிசம்பரிலை வருவினம். ஆனால் அறை மாறியிருக்க வேணும் பிள்ளை. வாற அண்டைக்கு ஒரு கட்டிலைப் போடு. படத்தை ஒரு துணியாலை மூடிவிடு. போனாப்பிறகு எடு.”

“அம்மனை மூடிப்போட்டு, முன்னாலை கட்டிலைப் போட்டு, நான் பொய் சொல்லுறதோ?”

“நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கட்டில் சொல்லும்.”

“அண்ணை, அவவை வைச்சுப் பொய் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டால், பிள்ளை வந்தாப்பிறகு நான் எந்த முகத்தோடை அவவுக்கு விளக்கு வைக்கிறது?”

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அவரே கேட்டார்:

“ஊரிலை கோயில் திருப்பணி நடக்கேக்கை அம்மனை என்ன செய்யிறவை?”

“பாலஸ்தாபனம் செய்வினம்.” வேலை முடியுமட்டும் தெய்வத்தை வேறொரு சிறிய இடத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே பூசையைத் தொடரும் முறை அது.

“அப்ப இஞ்சையும் அதுதான். பிள்ளையின்ரை அறையிலை திருப்பணி.”

பலெர்மோவிலுள்ள எங்கள் கோயிலின் ஐயரை அழைத்துக் கேட்டோம். வீட்டுப் படத்துக்கு அவ்வளவு கிரியை வேண்டாம், கும்பிட்டுவிட்டு எடுத்து வைத்தால் போதும் என்றார் அவர். தம் கோயிலில் வைக்கவும் இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் வாடகை மண்டபத்தில் நடக்கும் அந்தக் கோயில் கிழமை நாட்களில் பூட்டியிருக்கும். “கோயில் அம்மனுக்கு ஒரு மரியாதை, வீட்டு அம்மனுக்கு வேறை மரியாதையோ? பூட்டின கதவுக்குள்ளை விட்டிட்டு வரமாட்டன்,” என்றார் நாகபூசணி. சமையலறையில் மீன் சமைப்பார். சிறிய அறையில் படுப்பார். வீட்டுக்குள் வேறு இடமில்லை.

அப்போது அவருக்கு நினைவு வந்தவர், சிஞோரா என்று அவர் மரியாதையாக அழைக்கும் நின்ஃபா.

நின்ஃபா கபோவிலேயே பிறந்து, கபோவைவிட்டு ஒரு நாளும் வெளியே படுக்காத விதவை. சந்தைத் தெருவின் மறுகோடியில், தெருவோடு வாசல் திறக்கும் நிலத்தளத்து வீட்டில் தனியே இருக்கிறார். அவர் கணவரைக் கடைசிக் காலத்தில் பராமரித்தவர் நாகபூசணி. நாங்கள் போனபோது நின்ஃபா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் சிசிலியப் பேச்சில் சொன்னவற்றை எங்கள் பேச்சில் தருகிறேன். அவருடைய வேகத்துக்கு அதுதான் பொருந்துகிறது.

“ஆரைக் கொண்டுவரப் போறாய்?”

“எங்கடை அம்மனை. தெய்வத் தாய்.”

“பேர் என்ன?”

“நாகபூசணி.”

“அது உன்ரை பேரெல்லே?”

“அவவின்ரை பேரைத்தான் எனக்கு வைச்சவை.”

“அப்ப வாடகைச் சீட்டிலை இருக்கிறது ரெண்டு பேரிலை ஆர்?” நின்ஃபா தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “எவ்வளவு காலத்துக்கு?”

“மகள் வருமட்டும்.”

“என்ன சாப்பிடுவா?”

“பூவும் பழமும் போதும். ஆனால் அவ இருக்கிற அறையிலை மீன், இறைச்சி கூடாது.”

“என்ரை மனுசனைவிடச் செலவு குறைஞ்சவ. அவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டு தரம் இறைச்சி வேணும்.” என் பக்கம் திரும்பினார். “நீ கடதாசிக்காரன்தானே? வெளிநாட்டாளை வீட்டிலை வைச்சிருந்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்ளை பொலிசுக்கு அறிவிக்க வேணும். இவவுக்கும் அறிவிக்க வேணுமோ?”

அவர் பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கடவுச்சீட்டு இல்லாதவரைப் பற்றி அறிவிக்க முடியாது என்று சொன்னேன். “நல்லதாப் போச்சு,” என்று எழுந்து, கணவரின் படம் இருந்த கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கத் தொடங்கினார். கணவரை ஒரு தட்டுக் கீழே இறக்கினார்.

இடம் கிடைத்துவிட்டது. வழிதான் இல்லை. நாகபூசணியின் வாசலிலிருந்து நின்ஃபாவின் வாசலுக்குப் போக ஒரே தெரு. அந்தத் தெருதான் கபோ சந்தை. இரண்டு பக்கமும் மீன், இறைச்சி, குடல், தோல் உரித்த ஆடு. ஐஸ் உருகிய தண்ணீர் நடுத்தெருவில் ஓடும். தலைக்கு மேலே வெயில் மறைக்கக் கட்டிய சிவப்புப் படங்கு. கடைக்காரர் ஒவ்வொருவரும் பாட்டாகக் கூவுவார்கள். அந்தக் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேளாது.

“விடிய நாலு மணிக்குப் போவம்,” என்றேன். “கடை திறக்க முதல். ஒருத்தரும் காணாயினம்.”

“ஏன் ஒருத்தரும் காணக் கூடாது? அம்மன் ஆரையும் களவெடுத்துக்கொண்டே போறா? வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முதல், ஒன்பதரைக்கு வெளிக்கிடுவம்.”

“அந்த நேரம் சந்தை நிரம்பி வழியும் பிள்ளை.”

“வழியட்டும். அவவுக்கு ஊர்வலம் புதுசோ?”

2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. அன்று நடந்ததை நான் பலமுறை எழுதிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கிழித்திருக்கிறேன். நான் கடதாசி எறிபவன் அல்லன் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

நாகபூசணி தலையில் முழுகி, சிவப்புச் சேலை உடுத்து, திருவுருவத்தை வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் வைத்து நெஞ்சோடு ஏந்தினார். விமலராணி படத்தை எடுத்தார். நான் எரியும் விளக்கை, காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு முன்னே இறங்கினேன். கால்களில் செருப்பில்லை. கீழ் வாசலில் நின்ஃபா நின்றார். மாதா கோயிலுக்குப் போகும் கறுப்பு உடுப்பை அணிந்திருந்தார்.

“பின்னாலை வாங்கோ,” என்றார். அவ்வளவுதான்.

அவர் சந்தைக்குள் இறங்கினார். முதல் கடையில் மத்திக் குவியலுக்கு மேல் நின்று கூவிக்கொண்டிருந்தவரின் முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் எங்களைப் பார்த்தார். கூவலின் நடுவில் வாயை மூடினார். பக்கத்திலிருந்த ஈரச் சாக்கை எடுத்து, வாள்மீனின் தலையை, வானத்தை நோக்கி நிமிர்ந்த அந்த நீண்ட மூக்கோடு சேர்த்து, மெல்ல மூடினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

அடுத்தவர் ஏன் என்று கேட்கவில்லை. முந்தியவர் செய்ததைக் கண்டு தாமும் மூடினார். அதற்கடுத்தவர் கொக்கியில் தொங்கிய ஆட்டின் மேல் தன் வெள்ளை மேலங்கியைப் போர்த்தினார். குடல் அவிக்கும் கிழவர் அண்டாவை மூடியால் அடைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் கடை கடையாக, ஒருவரைப் பார்த்து ஒருவராக, துணிகள் விழுந்துகொண்டு போயின. கூச்சலும் அப்படியே, கடை கடையாக, அணைந்துகொண்டு போயிற்று.

முப்பது வருடத்தில் கபோ சந்தையில் தண்ணீர் ஓடும் ஓசையை நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். படங்குத் துணி காற்றில் அடிப்பதைக் கேட்டேன். நாகபூசணியின் வெறுங்கால் ஈரக்கல்லில் பதிந்து எழுவதைக் கேட்டேன். சாமான் வாங்க வந்தவர்கள் பைகளோடு சுவரோரம் ஒதுங்கினார்கள். சிலர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை இட்டார்கள். புனிதர்களைத் தோளில் சுமந்து நடப்பவர்களின் தெரு அது. தாயொருத்தி இன்னொரு தாயைச் சுமந்து போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவழியில் ஓர் இளம் இறைச்சிக்காரர் நின்ஃபாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“இது எந்தப் புனிதை?”

“பிள்ளைக்கு இடம் விட்டுக்குடுத்து வெளிக்கிட்டு வாறவ,” என்றார் நின்ஃபா.

அவர் தலை குனிந்தார். நான் கடவுளை வாதத்துக்கு வெளியே வைத்துப் பழகியவன். திகதியும் முத்திரையும் இல்லாத எதையும் இலகுவில் நம்புவதில்லை. அன்று அந்தத் தெருவில் எனக்கு முன்னால் போனது என்ன, பின்னால் வந்தது யார் என்று என்னிடம் ஆதாரம் கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தேன். நாகபூசணி யாரையும் பார்க்கவில்லை. கண்கள் தாம்பாளத்தில் இருந்தன. அவர் உதடுகள் அசைந்தன. மந்திரம் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டபோது, “கொஞ்சக் காலந்தான் அம்மா, கொஞ்சக் காலந்தான்,” என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தது விளங்கியது.

நின்ஃபாவின் வாசலுக்குள் நாங்கள் நுழைந்து அம்மனைத் தட்டில் அமர்த்திய பிறகுதான், தெருக்கோடியில் யாரோ ஒருவர் மெல்லக் கூவிப் பார்த்தார். பிறகு எல்லாரும் கூவினார்கள்.

டிசம்பர் 19ஆம் திகதி அதே அலுவலர் வந்தார். பெரிய அறையில் கட்டில், மேசை, கதிரை, ஆரணிக்குப் பிடித்ததென்று வீடியோ அழைப்பில் தெரிவு செய்யப்பட்ட பச்சைத் திரைச்சீலை. அவர் அளந்தார். பின்பு கிழக்குச் சுவரில், படம் இருந்த இடத்தில் வெளிறாமல் எஞ்சிய நாற்சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்கே இருந்த பெண் தெய்வம் எங்கே?”

நான் வாய் திறக்க முதல் நாகபூசணி, தனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களைக் கோத்துத் தானே பதில் சொன்னார்: “வெளியே போனார். என் மகளுக்கு அறையைக் கொடுத்தார்.”

“திரும்பி வருவாரா?”

‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு சொல் போதும்.

“எனக்குத் தெரியாது,” என்றார் நாகபூசணி. “மகள் வந்த பிறகு அவரிடம் கேட்பேன்.”

அலுவலர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். என்ன எழுதினார் என்று அன்று தெரியவில்லை. கிறிஸ்மஸ் போய், புதுவருடம் போய், தைப்பொங்கலும் போனது. ஆரணியின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாகபூசணி வேலை முடிந்ததும் நேரே நின்ஃபா வீட்டுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வீட்டுக்கு வருவார். ஒருநாள்கூட என்னிடம் ‘என்ன நடக்கும்’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனவரி 16ஆம் திகதி சான்றிதழ் வந்தது. ‘இரண்டு ஆட்கள் வசிக்கத் தகுந்தது.’ அடுத்த நாளே கணினியில் விண்ணப்பத்தைப் பதிவு செய்தேன். பதிவு எண் திரையில் தோன்றியபோது நாகபூசணி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐந்து நாள் கழித்து ஆரணிக்குப் பதினெட்டு நிறைந்தது.

அந்த வருடம் அக்டோபரில், அனுமதியும் விசாவும் பெற்று, ஆரணி வந்து இறங்கினாள். தாயைவிட அரைத்தலை உயரம். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது தாயின் முகம் மகளின் தோளில்தான் பட்டது. வீட்டுக்கு வந்து பெரிய அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இவ்வளவும் எனக்கோ? தனியவோ?”

“ஓம், உனக்குத்தான்.”

“அம்மா, நான் தனியப் படுத்ததே இல்லை. மாமியோடைதானே படுக்கிறனான். எனக்குப் பயமா இருக்கு.”

எல்லாப் பாடும் பட்டுப் பெற்ற அந்த அறை வெறுமையாகக் கிடக்க, தாயும் மகளும் சிறிய அறையின் ஒற்றைக் கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். எனக்கு உறக்கமில்லை. யாராவது வந்து, ‘இந்த அறையில் யார் படுக்கிறார்கள்’ என்று மறுபடியும் கேட்டால், இந்தப் பெண் மறுபடியும் உண்மையைச் சொல்வார். மாலைப் பள்ளியில் சேர்ந்து இத்தாலியப் பாடம் கூடிய பிறகு, மேசை விளக்கடியில் படித்துப் படித்து ஒருநாள் ஆரணி அந்தக் கட்டிலிலேயே உறங்கிப்போனாள். அதன்பின் அது அவள் அறையாயிற்று.

முதல் வெள்ளிக்கிழமையே அவளை நின்ஃபா வீட்டுக்கு அழைத்துப் போனோம். அம்மனைச் சுற்றி மின்குமிழ் மாலை ஓடியது. பக்கத்துத் தட்டில் நகரின் காவல் புனிதை ரோசாலியா. காலடியில் மல்லிகைக்குப் பதிலாக அந்தந்தக் காலத்துப் பூ, இலையோடு பறித்த பழம்.

“சிஞோரா, மகள் வந்திட்டா,” என்றார் நாகபூசணி. “இனி அம்மனைக் கூட்டிக்கொண்டு போகட்டோ?”

நின்ஃபா ஆரணியை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளினார். பிறகு அலுமாரியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

“எங்கை கொண்டு போகப் போறாய்? உங்கடை வீட்டிலை அறை நிரம்பிப் போச்சு. நான் ஒரு வருசமா இந்த வீட்டுக்குள்ளை மீன் பொரிக்கேல்லை, தெரியுமோ? பக்கத்து வீட்டிலை போய்த் தின்னுறன். இரவிலை அவவோடைதான் கதைக்கிறனான். நீ கேள் அவவை, போக விருப்பமோ எண்டு.”

நாகபூசணி உண்மையாகவே கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான், ஆரணி, நின்ஃபா மூவரும் காத்து நின்றோம்.

“இருக்கட்டுமாம்,” என்றார்.

நின்ஃபா கைகளைத் தட்டினார். அழுதுகொண்டே தட்டினார். அம்மன் இன்றும் அங்கேதான்.

இத்துடன் இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததன் காரணம் இதுதான். ஆரணி வந்தவுடனே பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பித்தோம். கைரேகையும் பதிந்தோம். அனுமதி வழங்கும் அலுவலகத்தில் கோப்பைப் பார்த்த பெண் அதிகாரி பண்பாகவே பேசினார். ஆனால் அதில் ஒரே வீட்டுக்கு இரண்டு அறிக்கைகள் இருந்தன. ஒன்று ‘வழிபாட்டிடம், ஒருவரும் படுப்பதில்லை’ என்கிறது. மற்றது ‘மகளின் அறை’ என்கிறது. இரண்டில் எது மெய் என்பது தெளிவாகும்வரை அட்டை அச்சாகாது என்றார். அன்றிலிருந்து ஆரணியிடம் இருப்பது, விண்ணப்பித்ததற்கான தபாலகப் பற்றுச்சீட்டு மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு, தாதிமார் பயிற்சிக்கு அட்டையோடு வரும்படி திருப்பி அனுப்பினார்கள். அவள் அதைத் தாயிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

இரண்டு அறிக்கைகளுக்கும் இடையே முரண்பாடு இல்லை. அக்டோபர் 20ஆம் திகதி சொல்லப்பட்ட இரண்டாவது வாக்கியம் எழுதப்பட்டிருந்தால், முதல் நாளிலிருந்தே அது மகளின் அறைதான் என்பது எவருக்கும் தெரிந்திருக்கும். அதை விட்டவர், இரண்டாம் முறை அதே அறையில் நின்று, அதே பெண்ணின் வாயிலிருந்து அதே உண்மையைக் கேட்டு எழுதியவர்தான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்று அவர் பேனாவை மூடிவிட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

இது தொடர்பாக, வீட்டை அளந்த அந்த அலுவலகத்துக்கு 2025 மார்ச் 4ஆம் திகதியும் மே 12ஆம் திகதியும் பதிவுத் தபாலில் எழுதினேன். கிடைத்ததற்கான சீட்டுகள் என்னிடம் உள்ளன, பதில் இல்லை. ஒருமுறை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘கவலைப்பட வேண்டாம்’ என்றார். கவலை குறித்து நான் எழுதியிருக்கவில்லை.

இம்முறை இத்தாலிய மொழியில் எழுதிய கடிதத்தோடு, கபோ சந்தையில் அன்று தம் கடையை மூடி நின்றவர்களில் கேட்ட உடனே ஒப்பமிட்ட பதினொரு பேரின் சாட்சியத்தையும் இணைத்திருக்கிறேன். பெண்ணொருத்தி தன் மகளுக்காக ஓர் அறையை ஒழித்துக் கொடுத்ததை அவர்கள் கண்டார்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கோரிக்கை ஒன்று. முதல் அறிக்கையில் விடுபட்ட வாக்கியத்தைச் சேர்த்து, சேர்த்த பிரதியை ஆரணியின் கோப்புக்கு அனுப்ப வேண்டும். சேர்க்க முடியாதென்றால், கேட்ட கேள்விக்கு ஒரு தாய் சொன்ன பதிலில் பாதியை எந்தச் சட்டத்தின் கீழ் விட்டார்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசி அழைப்பை ஏற்கமாட்டேன். திகதியும் கையொப்பமும் கொண்ட பதிலை, முப்பது நாட்களுக்குள், எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.